நாடா வெட்டும்வரை

நாடா வாங்குவதென்றால் சற்று அகலமான சாட்டின் நாடாவாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான நைலோன் நாடா கத்தரிக்கோலுக்குள் மடங்கிக்கொள்ளும். பிரதம அதிதி இரண்டு மூன்று தடவை வெட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார், அந்தச் சிரிப்பு படத்தில் நன்றாக விழாது. விசாரணைக் குழுவிலிருக்கும் உங்களுக்கு இது தேவையில்லாத விபரமாகத் தோன்றலாம். நீங்கள் ஓர் ஆஸ்பத்திரியின் நலன்புரிச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்ததில்லை.

நான் பதினோரு வருடமாக இருக்கிறேன். பலாபத்வலையைத் தாண்டி மேலே ஏறும் தோட்டப் பாதையில் இப்படியோர் ஆஸ்பத்திரி இருப்பதே பலருக்குத் தெரியாது. மூச்சடைத்து வருகிறவர்களின் தொண்டையைப் பார்த்துக் குழாய் விட அங்கே ஒரு பழைய கருவி இருந்தது. அதன் விளக்கு சும்மா இருக்கும்போது எரியும், தட்டினால் எரியும், ஆள் சாகக் கிடந்தால் மட்டும் எரியாது. டொக்டர் ஆதிபா வேலைக்கு வந்த முதல் வாரமே அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தொண்டைக்குள் இருப்பதைத் திரையில் காட்டும் கேமரா வைத்த புதுக் கருவி ஒன்று, கூடவே பல அளவுகளில் குழாய்கள் என்று பட்டியல் தந்தார். சின்னப் பிள்ளை, ஆசைக்கு அளவில்லை. இருந்தாலும் வாங்கிக் கொடுத்தேன். தோட்டத்துச் சனம் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் போட்டது. அலைச்சல் முழுவதும் என்னுடையது.

மார்ச்சில் பெட்டி வந்தது. டொக்டர் அன்றைக்கே பிரிக்கப் பார்த்தார். கையளிப்பு வைபவம் நடக்காத பொருளைப் பாவிப்பது எந்த ஊர் முறை என்று கேட்டேன். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடி அலுமாரி ஒன்று வைத்து, கருவியை உள்ளே அடுக்கி, நாடா கட்டி, பூட்டி, சாவியை நான் எடுத்துக்கொண்டேன். பிரதம அதிதிக்கு முதல் தடவை கூட்டம் வந்தது, இரண்டாம் தடவை மூக்கடைத்துத் தடிமன் வந்தது, மூன்றாம் தடவை வெளிநாட்டிலிருந்து மச்சான் வந்தார். பெரிய மனிதர்களின் தடிமன் லேசில் மாறாது. நாலாம் தடவையாக ஜூலை பதினேழு என்று குறித்தோம்.

அன்று காலை ஒன்பதரைக்கு, அதிதிகள் உட்காரும் கதிரைகளுக்கு நாங்கள் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சுந்தரம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொழுந்து பறித்த மலையில் குளவி கொட்டியிருக்கிறது. குளவிக்கு எங்கள் நிகழ்ச்சி நிரல் தெரிய நியாயமில்லை. முகமும் கழுத்தும் ஒன்றாக வீங்கிக் கிடந்தன. சற்று நேரத்தில் டொக்டர் வாசலுக்கு ஓடி வந்தார்.

"அங்கிள், அலுமாரிய தொறங்க. ஊசிக்கும் வீக்கம் அடங்குதில்ல. தொண்ட மூடப் போகுது. பழசுல லைட்டும் இல்ல. மாத்தளை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புற வரைக்கும் தாங்க மாட்டாங்க."

அதற்குச் சற்று முன்புதான் அதிதியின் உதவியாளர் தொலைபேசியில் பேசியிருந்தார். பலாபத்வலைக்கு வந்தாயிற்று, சேர் தெம்பிலி இளநீர் குடிக்கிறார், பத்து நிமிடம் என்றார். மார்ச்சிலிருந்து காத்திருந்த ஒரு காரியத்துக்குப் பத்து நிமிடம் பெரிய விஷயமா? சாவி வீட்டில் இருக்கிறது, ஆள் அனுப்பியிருக்கிறேன், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் என்று சொன்னேன். டொக்டர் நம்பி உள்ளே போனார். படித்த பிள்ளைகளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். வயதானவர்கள் சொன்னால் நம்புவார்கள்.

ஐந்து நிமிடத்தில் தாதியை அனுப்பிக் கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்றேன். பிறகு சுந்தரம்மாவின் புருஷன் அழகையா வந்தார்.

"விஜேந்திரன் ஐயா, அவளும் ஒரு நா சம்பளம் குடுத்தா, நானும் குடுத்தேன். ரெண்டு நா சம்பளம் அந்தக் கண்ணாடிக்குள்ள கெடக்குதுங்க. தெறந்து விடுங்கய்யா."

நான் அவருடைய தோளில் கை வைத்து, கடவுள் இருக்கிறார் என்றேன். அவருக்கு அது போதவில்லை. அதிதி ஏற்றுவதற்காக எண்ணெய் விட்டு வைத்திருந்த மங்கள விளக்கைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார். விளக்கின் உச்சியிலிருந்த பித்தளைச் சேவல் கழன்று போனது. இன்றுவரை ஒட்ட முடியவில்லை.

டொக்டர் உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆனால் தொண்டை மூடிவிட்டது. இருந்ததில் சின்னக் குழாய்கூட இறங்கவில்லை. கழுத்தில் வெட்டி வழி எடுக்கவும் பார்த்தார், அதுவும் கைகூடவில்லை. "பத்து நிமிசத்துக்கு முந்தி எண்டா குழாய் உள்ள போயிருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவருடைய கையில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கவனமாக அள்ளச் சொன்னேன்.

அதிதியின் கார் கேட்வரைக்கும் வந்தது. ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் அப்படியே பின்னால் எடுத்துத் திரும்பிவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு மனம் உடைந்தது. அன்றைக்கு நானும் அழுதேன், அழகையாவும் அழுதார்.

சாவி எங்கே இருந்தது என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள். என் சட்டைப் பையில் இருந்தது. டொக்டர் கேட்டபோதும் இருந்தது, அழகையா கும்பிட்டபோதும் இருந்தது. நாடா வெட்டாமல் அலுமாரியைத் திறந்தால் அதை வாங்கிக் கொடுத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியாமல் போகும். அதனால் கொடுக்கவில்லை. நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். அந்தச் சனத்தின் மேல் எனக்கு இருக்கிற அக்கறை வேறு யாருக்கும் கிடையாது. இல்லாவிட்டால் இந்தக் கருவியே வந்திருக்காது.

கருவிக்கு ஒரு சேதமும் இல்லை. குழாய் இறங்காததால் பாவிக்கப்படாதது என்றே சொல்லலாம். துடைத்து வைத்து, புதுக் கண்ணாடி போட்டு, பூட்டியிருக்கிறேன். டொக்டர் ஆதிபா மறுபடி கேட்டார். விசாரணை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று நீங்கள் அனுப்பிய கடிதத்தைக் காட்டினேன். அந்த விஷயத்தில் நீங்களும் நானும் ஒரே கட்சி.

சாவியை இதோ மேசையில் வைக்கிறேன். வருகிற மாதம் பதினெட்டாம் திகதி காலை ஒன்பது மணிக்கு முன்னால் மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள். இந்தத் தடவை பிரதம அதிதி கட்டாயம் வருகிறாராம்.