பாத்ரூமாண்ட போட்ட கட்டில்

கைய ஆட்டாத தம்பி! ஆட்டாதேன்னா ஆட்டுறியே... இன்னும் பஞ்சே வெக்கல, அதுக்குள்ள கண்ண இறுக்கி மூடிகினே. தொற கண்ண. ம்... கொஞ்சம் ஆழமா தான் கீது. தையல் வேணாம், பயப்படாதே. எப்டி வெட்டிகினே? கம்பெனில மெஷின்லயா? இல்லியா? வெங்காயமா! அடப்பாவி, வெங்காயம் நறுக்க வெரல ஏன்டா குறுக்க வுட்டே? ரூம்ல நீ தான் சமையலா? சரி சரி, எந்த ஊரு? கோயில்பட்டியா... நல்ல ஊரு. நான் போனதில்ல.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது என் வேலையே இல்ல. நான் மாடில பிரசவ வார்டு இன்சார்ஜு. இந்தக் காயம் கட்டற ரூமுக்கு காவேரின்னு ஒரு பொண்ணு கீது. இன்னிக்கு கிருத்திகை, வல்லக்கோட்டை முருகன் கூப்புடறாருன்னு வந்து நின்னா. 'அக்கா, இப்ப நீங்க தானே எங்களுக்கெல்லாம் பெரியவங்க, நீங்களே லீவு குடுத்துடுங்க'ன்னு தேனா ஒழுக வுட்டா. குடுத்துட்டேன். குடுத்த லீவுக்கு ஆளு யாரு? நானு! இதான் தம்பி தலைமை. தலைமைன்னா தலைல கட்டறதுன்னு எவனும் எனக்கு முன்னாடியே சொல்லல...

எரியுதா? எரியும். ஊதிக்க. நான் ஊத மாட்டேன், கிருமி.

எல்லாம் அந்த டிரெய்னிங்கால வந்த பேஜாரு. அதுக்கு முன்னாடி நான் எவ்ளோ நல்லா இருந்தேன் தெரியுமா? வருவேன், பிரசவம் பாப்பேன், கொழந்தயத் தொடச்சி அம்மாகாரி கைல குடுப்பேன், வூட்டுக்குப் போவேன். ஒரு சத்தம் வராது என் வாய்லேர்ந்து. நம்ப மாட்டியா? சிரிக்காதே. மெய்யாலுமே.

நாங்க இருளருங்க, தம்பி. வல்லம் வடகால்ல கம்பெனி மதில் தாண்டி ஏரியோரமா கொஞ்சம் வூடு தெரியும் பாரு, அதான் எங்க காலனி. அங்கேர்ந்து நர்சுக்குப் படிச்சவ நான் ஒருத்தி தான். ஆங்... கேளு, கேளு. நீ இன்னா கேக்கப் போறேன்னு உன் மூஞ்சிலயே எழுதிகீது. பாம்பு புடிப்பியாக்கான்னு தானே? எல்லாரும் கேக்கறது தான். ஒரு தபா இந்த ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ரூம்ல சாரை ஒண்ணு பூந்துகிச்சி. உடனே எல்லாரும் 'கன்னியம்மா எங்க, கன்னியம்மாவ இட்டுகினு வாங்க!' டாக்டரு கூப்புடறாரு, வாட்ச்மேன் கூப்புடறான், பில்லு போடற பொண்ணு கூட கூப்புடுது. எங்கப்பா புடிப்பாரு, வாஸ்தவம். நான் பல்லிக்கே பயப்படுவேன்யா! ஸ்டூலு மேல ஏறி நின்னுகினு அவங்கள வுட சத்தமா நான் கத்தினேன். பாம்பு பாவம், சத்தம் தாங்காம அதுவே வெளிய போய்டுச்சி. அப்பறம் எல்லாரும் சொல்றாங்க, 'பாத்தியா, இருளச்சி ஒரு மந்திரம் போட்டா, ஓடிச்சி'ன்னு!

பாம்பு வந்தா கன்னியம்மா முன்னாடி வா. பதவி வந்தா கன்னியம்மா ஓரமா நில்லு. எங்க வார்டு இன்சார்ஜு சொர்ணம்மா சிஸ்டரு வேலைய வுட்டு ஊருக்குப் போனாங்க. அவங்க சீட்டு காலி. அவங்க வேலையெல்லாம் நான் பாக்கறேன். ஆனா சீட்டு காலியாவே கீது. ஒக்காருன்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல.

அந்த நேரத்துல தான் ஒரு டிரஸ்ட்லேர்ந்து வந்து கேட்டாங்க. பழங்குடி நர்சுங்க, மருத்துவச்சிங்களுக்கு தலைமைப் பயிற்சி குடுக்கறோம், உங்காண்ட யாராச்சும் இருந்தா அனுப்புங்கன்னு. எங்க மேனேஜர் நடேசன் சாரு... பேப்பர்ல ஆஸ்பத்திரி பேரு வரும்னு அந்தாளுக்கு ஆச. 'கன்னியம்மா, சனிக்கெழம சனிக்கெழம போய்ட்டு வா, சாப்பாடு போடறாங்களாம்'ன்னாரு. போனேன்.

ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கல்யாண மண்டபம். நீலகிரிலேர்ந்து, ஜவ்வாது மலைலேர்ந்து, எங்கெங்கேர்ந்தோ வந்துருக்காங்க. எல்லாருமே மூலைல ஒக்காந்துக்கப் பாக்கறோம். மண்டபத்துல நாலு மூலை தான, அடிதடியாப் போச்சி! மதிவதனி மேடம்னு ஒருத்தங்க, அவங்க தான் சொல்லித் தர்றவங்க. ஆளுக்கொரு பலூன் குடுத்தாங்க. ஊதுங்க, இதான் உங்க தன்னம்பிக்கைன்னாங்க. நான் ஊதி ஊதி என்து டப்புனு வெடிச்சிருச்சி. 'பரவால்ல கன்னியம்மா, வேற தன்னம்பிக்கை எடுத்துக்கோங்க'ன்னு இன்னொண்ணு குடுத்தாங்க.

அப்பால நாடகம் மாதிரி ஒண்ணு. ஒருத்தர் டாக்டரு, ஒருத்தர் நர்சு. நர்சு எழுந்து, 'சார், நான் சொல்றத முழுசா கேளுங்க'ன்னு சொல்லணும். என்கூட ஜவ்வாது மலை வேல்விழி. மருத்துவச்சி. அவ டாக்டரா வர்றா. துப்பட்டாவ ஸ்டெதஸ்கோப்பு மாதிரி மாட்டிகினு, நெஞ்ச நிமித்திகினு, 'இன்னா கேஸு?'ன்னு ஒரு அதட்டு போட்டா பாரு... நான் பயந்து எழுந்து என் சேர அவளுக்குக் குடுத்துட்டேன்! மண்டபமே சிரிக்குது. மேடம் கண்ணுல தண்ணி வர சிரிக்கறாங்க.

கைய மேல தூக்கு. இன்னும் கொஞ்சம். அப்டியே வெச்சிகினு இரு.

சிரிச்சி முடிச்சதும் மேடம் ஒண்ணு கேட்டாங்க. 'உங்க வார்டுல தெனம் பாக்கறீங்க, தப்புன்னும் தெரியும், ஆனா வாயத் தொறந்து கேட்டதில்ல. அப்டி ஒண்ணு சொல்லுங்க.' வேல்விழி மெதுவா சொல்றா, 'எனக்குப் பேரு இருக்குதுன்னு எங்க ஆஸ்பத்திரில யாருக்கும் தெரியாது மேடம். ஏ மலை, இங்க வான்னு தான் கூப்புடுவாங்க.' இவ்ளோ நேரம் சிரிச்சவங்கல்லாம் தலைய குனிஞ்சிகினோம். அப்ப தான் எனக்கு எங்க வார்டு கட்டிலு ஞாபகம் வந்துச்சி.

மேல போனா பாரு, வரிசையா கட்டிலு. ஜன்னலாண்ட காத்து வரும், வெளிச்சம் வரும். கடைசிக் கட்டிலு பாத்ரூமாண்ட. கதவு மூடாது, குழாயி ஒழுகும், நாத்தம் கொடலப் புடுங்கும். அந்தக் கட்டில்ல யாரப் போடுவாங்க? செங்கல் சூளைல வேலை செய்ற ஒடிசாக்காரப் பொம்பளைங்க. கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரப் பொண்ணுங்க. எங்க காலனிப் பொண்ணுங்க. ஜன்னலாண்ட காலியா இருந்தாலும் அங்க தான். என் தங்கச்சி அங்க தான் பெத்தா. கொழந்த மூஞ்சில கொசு ஒக்காராம ராவெல்லாம் அவ முந்தானைய வீசிகினே இருந்தா.

மேடம் சொன்னாங்க, 'போய் ஏன்னு கேளுங்க. ஒரு வாட்டி கேட்டா கோவம் வரும். திரும்பக் கேளுங்க. மூணாவது வாட்டி தான் பதிலு வரும்.' சரின்னு திங்கக்கெழம நடேசன் சாராண்ட போய் நின்னேன்.

'சார், அவங்கள மட்டும் ஏன் சார் பாத்ரூமாண்ட போடறோம்?'

'அவங்களுக்கு அது பழக்கம்மா.'

'ஏன் சார் பழக்கம்?'

'எப்பவும் அங்க தானம்மா போடறோம்.'

'ஏன் சார் எப்பவும் அங்க போடறோம்?'

'அதான் சொன்னனே, அவங்களுக்குப் பழக்கம்மா!'

பாரேன், செக்கு மாடு மாதிரி சுத்திகினு வந்து பொறப்பட்ட எடத்துலயே நிக்கறாரு! நாலாவது வாட்டி கேட்டா இன்னா ஆவும்னு மேடம் சொல்லித் தரல. கேட்டுட்டேன். 'போய் வேலையப் பாரும்மா!'ன்னு கத்தினாரு.

வேலையப் பாக்கச் சொன்னாரு இல்ல? பாத்தேன். அன்னிலேர்ந்து மொதல்ல வர்றவங்களுக்கு ஜன்னலாண்ட. கடைசியா வர்றவங்களுக்குக் கடைசிக் கட்டிலு. யாரா இருந்தாலும். நடேசன் சாரு மாடியேறி வர்ற ஆளே இல்ல, அவருக்குத் தெரியாது. நல்லாத் தான் போய்கினு இருந்துச்சி.

வந்தா பாரு ஒருத்தி! பென்னலூர்லேர்ந்து, தலைப்பிரசவம், பேரு தென்றலு. வார்டு ரொம்பிகீது. கடைசிக் கட்டிலு மட்டும் தான் காலி. போட்டேன். கூட வந்த அவங்கம்மா மூக்கப் பொத்திகினு குதிக்கறாங்க, 'நாங்க யார்னு தெரியுமா?'ன்னு. எனக்கு இன்னா தெரியும்? அப்பறம் பாத்தா நம்ம நடேசன் சாரோட மச்சினிச்சி!

வந்தாரு. அன்னிக்குத் தான் மாடிப்படி கண்ணுக்குத் தெரிஞ்சிது போல. மூச்சு வாங்குது. ஜன்னலாண்ட வெரல நீட்டி, 'அந்தப் பொம்பளய இங்க மாத்து, இவள அங்க போடு'ன்றாரு. அங்க இருந்தது சூளைல வேலை செய்ற பொண்ணு. வெடியக் காலைலயே வலியோட வந்தவ. அவளுக்குத் தமிழே தெரியாது, தம்பி. ஆனா அந்த வெரலு புரிஞ்சிபோச்சி. அவளாவே எழுந்துக்கறா. வயித்த ஒரு கையால புடிச்சிகினு, துணிப்பைய இன்னொரு கையால எடுத்துகினு, கால தரைல வெக்கறா...

எனக்கு இன்னா ஆச்சின்னே தெரியல. 'எறங்காதே! ஏறிப் படு!'ன்னு கத்திட்டேன். வார்டே திரும்பிப் பாக்குது. மேடம் சொல்லிக் குடுத்த வார்த்த ஒண்ணு ஞாபகம் வரணுமே... ம்ஹும். பலூனு தான் ஞாபகம் வருது. கட்டிலு கம்பியப் புடிச்சிகினேன். 'அவங்க மொதல்ல வந்தாங்க சார். மாத்த முடியாது சார்'னேன். அழுகுரலு தான், ஆனா சொல்லிட்டேன்.

அவரு, 'டிரெய்னிங் போனதும் கொழுப்பு ஏறிடுச்சா? நாளைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவேன், தெரியுமில்ல?'ன்றாரு. தெரியும். வூட்டுல வேலைக்குப் போற ஆளு நான் ஒருத்தி தான், அது எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பொண்ணு இன்னும் ஒரு கால தரைல வெச்சிகினு என் மூஞ்சியவே பாத்துகினு கீது. நான் நகர்ந்தா அவ எறங்கிடுவா. நான் நகரல.

யாரு வந்து நின்னா தெரியுமா என் பக்கத்துல? ஆயா வேலை பாக்கற சுந்தராம்பா. நான் இருளச்சின்னு என் டம்ளர்ல தண்ணி கூட குடிக்காத பொம்பள! தொடப்பத்த எடுத்துகினு வந்து நடேசன் சாரு கால்கிட்ட கூட்டிகினே, 'பிரசவ வார்டுல ஆம்பளைங்க நிக்கக் கூடாது, நவுருங்க சார், நவுருங்க'ன்றா. அவரு ஒரு அடி பின்னால போறாரு, இவ ஒரு அடி முன்னால கூட்டறா. அந்நேரம் தென்றலுக்கு வலி வந்துச்சி. 'மாமா! நீங்க பேசப் பேச எனக்கு வலி ஜாஸ்தியாவுது! போங்க வெளிய!'ன்னு அலறினா பாரு... மனுஷன் படில ஓடினாரு.

அன்னிக்கே ரெண்டு பேருக்கும் கொழந்த. அந்தப் பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள. தென்றலுக்குப் பொண்ணு, அடர்த்தியா முடியோட. ரெண்டையும் நான் தான் எடுத்தேன். எடுத்துட்டு, பாட்டிலெல்லாம் கழுவற ரூம்ல போய்க் கதவ சாத்திகினு வேல்விழிக்கு போன் போட்டேன். நான் அழறேன், அவ சிரிக்கறா. 'இப்ப நீ டாக்டர்கிட்டருந்து சேர திருப்பி வாங்கிட்டே'ன்றா.

மறுநாளு நடேசன் சாரு கொழந்தயப் பாக்க வந்தாரு. மாமியாரு பக்கத்துல இருக்க, ஒக்காரலைன்னா மரியாதயா? பாத்ரூமாண்ட ஸ்டூலப் போட்டு ஒக்காந்தாரு. கர்ச்சீப்பு மூக்குலேர்ந்து எறங்கல. குழாய் தண்ணி ஓடிவந்து அவரு சாக்ஸ் நனஞ்சிபோச்சி. மாமியாரம்மா அவரயே பாத்துகினு இருக்காங்க. மத்தியானமே பிளம்பரு வந்துட்டான்! சாயங்காலத்துக்குள்ள புதுக் கதவு, ஃபேனு, டைல்ஸுக்கு ஆளு. எங்க பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்து, 'அட, யாரு இதெல்லாம் சரி பண்ணது?'ன்னாங்க. 'என் ஐடியா தான் மேடம்'ன்றாரு கூசாம! 'அந்தக் கட்டில்ல உங்க மச்சினிச்சியப் போட்டது யாரு?'ன்னாங்க. மாட்டி வுட்டுடலாம்னு, 'அது கன்னியம்மா மேடம்'ன்னு என்னைக் காட்டினாரு. டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க, அவரப் பாத்தாங்க. 'சொர்ணம்மா சீட்டு காலியா தான கீது? இவங்களப் போடுங்க'ன்னுட்டு போய்கினே இருந்தாங்க.

அன்னிக்குப் புடிச்சிது சனி. ஃபேன் ஓடலையா, கன்னியம்மா. சோறு வரலையா, கன்னியம்மா. நடேசன் சாரே வந்து, 'கன்னியம்மா, எதுக்கும் நீ ஒரு வார்த்த கேட்டுடேன் டாக்டர் மேடத்தாண்ட'ன்றாரு! இப்ப அந்த டிரஸ்ட்டுக்காரங்க வேற நச்சரிக்கறாங்க. அடுத்த பேட்சு புள்ளைங்களுக்கு வந்து பேசணுமாம். எனக்குப் பேச வராதும்மா, நாலு பேரு முன்னாடி நாக்கு எழாதும்மான்னு தலையால அடிச்சிகினேன். கேட்டா தான! நீயே சொல்லு தம்பி, நானெல்லாம் பேசற ஆளா?

...ஐயய்யோ, கட்டு கொஞ்சம் பெருசாப் போச்சி. ஒத்த வெரலுக்கு இம்மாந் துணியா! இருக்கட்டும், தலகாணிக்கு ஆவும். ஒக்காரு ஒக்காரு, எழுந்துக்காதே. டிடி ஊசி ஒண்ணு போட்டுடறேன். எறும்பு கடிக்கிற மாதிரி தான். அந்தப் பக்கம் திரும்பிக்க. நான் மருந்து எடுத்துகினே சொல்றேன், அந்தக் கடைசிக் கட்டிலுக்கு இப்ப போட்டி தம்பி! புது ஃபேனு இல்ல? எல்லாரும் எனக்கு எனக்குன்னு...

தம்பி?

எங்க போனான்? சுந்தராம்பாக்கா! கோயில்பட்டிப் பையனப் பாத்தீங்களா? கேட்டத் தாண்டிட்டானா! டேய்! ஊசி போட்டுக்காம போறியேடா... ஷேர் ஆட்டோல ஏறிட்டானே. கைய வெளிய நீட்டிகினு போறான் பாரு, போற லாரிக்கெல்லாம் வெள்ளக் கொடி காட்டற மாதிரி! இந்தக் கம்பெனிப் பசங்க போன் நம்பரெல்லாம் காவேரி வெச்சிருப்பா. புடிச்சி இட்டாந்து குத்தாம வுட மாட்டேன், நான் இன்சார்ஜு.

சரி, அடுத்து யாரு? வாங்கம்மா, குந்துங்க. உங்களுக்கு இன்னா? காதா? ரெண்டு காதும் அடச்சிகிச்சா? சுத்தமா கேக்கவே மாட்டேங்குதா?

அப்பாடா... நீங்களாவது எழுந்து ஓடாம இருப்பீங்க. தலைய சாய்ங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது என் வேலையே இல்ல...