பன்னிரண்டு குப்பிகள்

ஈரம் ஏறினால் என் வலது மணிக்கட்டு வலிக்கும். ஒன்பது வருடமாகத் திரவ நைட்ரஜன் ஊற்றி, செடிகளின் வேர்நுனியைக் கல்வத்தில் மாவாக அரைத்த கை.

நான் அரைத்ததில் பேராசிரியர் ஒரே ஒரு புரதத்தைத் தேடுவார். செல் இரண்டாகும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடத்துக்கு சென்ட்ரோமியர் என்று பெயர். அங்கே உட்கார்ந்திருக்கும் புரதம் எல்லாச் செடியிலும் ஒன்றுதானா என்பது அவர் கேள்வி. அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டுவதற்கென்று மக்காச்சோளத்துக்காகச் செய்த ஆன்டிபாடி கரும்பிலும் ஒட்டுகிறது என்று முதலில் கண்டு சொன்னவன் நான். மிச்சத்தைக் கொட்ட மனம் வராமல் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். "கட்டுரையில உன் பேர் வரும், வேலையும் நிரந்தரமாகும்," என்றார். கட்டுரை வந்தது. நன்றி சொன்ன இடத்தில் மைக்ரோஸ்கோப் விற்ற கம்பெனிகூட இருந்தது. நான் இல்லை.

கேட்டேன்.

"அரைக்கிறவனுக்கெல்லாம் பேர் போட்டா மிக்ஸிக்கும் போடணும்யா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆராய்ச்சி மாணவியும் சிரித்தாள்.

அடுத்து நெல், வெங்காயம், பட்டாணி என்று பன்னிரண்டு செடிகள் கேட்டார். பன்னிரண்டு குப்பியிலும் ஒழுங்காகப் பெயர் எழுதி, மக்காச்சோள வேரையே நிரப்பினேன். அரைத்தபின் வேருக்கு முகம் கிடையாது. மாணவி சோதித்தாள். புரதம் இருந்தால் படத்தில் ஒரு கோடு விழும்; பன்னிரண்டிலும் ஒரே உயரத்தில் ஒரே கோடு. பேராசிரியர் கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு வந்தது, தின்றேன்.

அந்தப் படத்தோடு அடுத்த கட்டுரை வந்ததும் வெளியூர் ஆய்வகங்கள் செய்து பார்த்தன. வெங்காயத்தில் வரவில்லை, பட்டாணியில் வரவில்லை. படத்தைத் திருத்தி மோசடி செய்தது மாணவிதான் என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவினார்.

அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, குப்பி எதுவும் மாறிப்போச்சா? கோவப்பட மாட்டேண்ணே, சொல்லுங்க."

"ஒன்பது வருஷத்துல ஒண்ணுகூட மாறினதில்லம்மா."

அது பொய்யில்லை. கைதவறி எதுவும் மாறவில்லை.

மூன்றாம் நாள் விடுதியில் அவள் அறைக் கதவை உடைத்தார்கள். உயிர் இல்லை.

சாமான் எடுக்க வந்த அவள் அப்பா கட்டட வேலைக்காரர். கையைப் பார்த்தாலே தெரிந்தது. கோட்டு போட்டவர்களை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"எம் பொண்ணு பொய் சொல்றவளாங்க?"

"படிச்சவங்க விஷயம், நமக்கென்னங்க தெரியும்," என்றேன். பெட்டியைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன்.

அந்த மனிதருக்கு ஓர் உண்மையைப் பாக்கி வைத்திருக்கிறேன். மறுக்கவில்லை. முதலில் பேராசிரியர் என் பெயரைப் போடட்டும்.