கல்தொட்டியில் ஒரு சிமெண்ட் முகம்

ஹலோ… ஹலோ, ஐவியா? மியூரியல் பேசறேன்… ஆமா ஆமா, சர்ச் எதிர்ல இருக்கிற போன் பூத்துலேருந்து… என் குரலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு… டீ குடிச்சா என்ன, கப்பைக் கீழ வச்சிட்டு வரச் சொல்லு… இல்லம்மா, உன்கிட்ட சொல்ற விஷயம் இல்ல. அவர்கிட்டதான். இப்பவே.

…

ரோலண்ட்? என்னய்யா பண்ணி வச்சிருக்க?… என்னத்தையா? ஞானஸ்நானத் தொட்டியை! வேற என்னத்தை? விளக்குத்தண்டு தேய்க்கிறேன்னு காலையில என்கிட்ட சாவி வாங்கிட்டுப் போனியே, இதுக்குத்தானா?

…அழகா இருக்கா? இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்… ஆமா, தொட்டியைச் சுத்தி ஞானஸ்நானம், கல்யாணம், சாவுன்னு பக்கத்துக்கு ஒண்ணாச் செதுக்கின ஆளுங்களுக்கு முகம் இல்லாமத்தான் இருந்துச்சு. அந்தக் காலத்து மதச் சண்டையில சிலையே கூடாதுன்னு சுத்தியலோட வந்தவனுங்க, ஒவ்வொரு முகமா தட்டிட்டுப் போனானுங்க. முந்நூறு வருஷமா அது அப்படியேதான் நின்னுச்சு. உன்கிட்ட வந்து எனக்கு மூக்கு வச்சிவிடுன்னு கேட்டுச்சா?

…போதும், பேசாத. உன் தோட்டத்துக்குக் குள்ளன் பொம்மை செய்வியே, அதே சிமெண்ட், அதே கன்னம். கல்யாணப் பக்கத்துல நிக்கிற மாப்பிள்ளைக்குத் தாடி! சாகக் கிடக்கிற மனுஷன் படுக்கையில பல்லைக் காட்டிட்டு இருக்கான்! உன் தோட்டத்துக் குள்ளன் மாதிரி கையில ஒரு தூண்டிலும் கொடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்… சிரிக்காத ரோலண்ட். எனக்குப் பத்திக்கிட்டு வருது.

…யாரு, பாதிரியாரா? அவரு நல்லாருக்குன்னு சொன்னாரா? அவரு கண்ணாடியைக் கழட்டினா பலிபீடம் எது, பியானோ எதுன்னு தெரியாது… பேராயர் ஆபீஸ்ல எழுதிக் கேட்டியா?… கேக்கல. அதானே. ஒரு பல்பு மாத்தறதுக்கே ஆறு மாசம் அனுமதிக்குக் காத்திருக்கிறோம். நீ ஒரே பகல்ல ஏழு பக்கத்துக்கும் மூஞ்சி வச்சிட்ட!

…தெரியும், தெரியும். ஞாயித்துக்கிழமை உன் பேரனுக்கு ஞானஸ்நானம். ஊருக்கே தெரியும். கேக்குக்கு முட்டை உடைச்சுக் கொடுத்ததே நான்தான்… போட்டோவுல நல்லா விழணும்னா? அதுக்குன்னு… ஆமா, பார்த்தேன். ஞானஸ்நானப் பக்கத்துல கல்லுப் பாதிரியார் கையில படுத்திருக்கிற அந்தக் குழந்தையைப் பார்த்தேன். உன் பேரன் முகம். அதே குண்டுக் கன்னம், அதே மோவாய்க் குழி. அச்சு அசல்.

அதை எடு.

…மத்தது எப்படியோ போகட்டும், நாளைக்கு சண்டை போட்டுக்கலாம். அந்தக் குழந்தையை மட்டும் இப்ப வந்து எடு… ஞாயிறு கழிச்சா? அதுக்குள்ள இறுகிடும்யா! தொட்டுப் பார்த்தேன், இன்னும் நகம் இறங்குது. ராத்திரிக்குள்ள கெட்டியாயிடும்னு உனக்குத் தெரியாதா? அப்புறம் உளி வச்சா அடியில இருக்கிற கல்லும் சேர்ந்து பெயர்ந்து வந்துடும்… விருந்தாளி வந்தா ஐவி பார்த்துப்பா. நீ வா… நானா? நான் எடுக்க மாட்டேன். எனக்குக் கொத்து வேலை தெரியாது. கல்லு போயிடும்.

…கல்லுக்குப் போயி ஏன் இவ்வளவு கோவம்னா கேக்கிற?

…நான் ஒண்ணும் அழல… என் வீட்டுக்காரர் லயனலை எதுக்கு இழுக்கிற? அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரு நான் பூ மாத்தப் போயிருக்கேன்னு நினைச்சிட்டிருக்காரு.

…

சரி. கேளு. ஒரு தடவைதான் சொல்லுவேன், ஐவிகிட்ட கூட சொல்லக் கூடாது.

எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம் ஒரு பையன் பொறந்தான்… ஆமா. உனக்குத் தெரிஞ்சிருக்காது, நார்விச் ஆஸ்பத்திரியில. விடியறதுக்குள்ள போயிட்டான். மருந்துக் கிண்ணத்துல தண்ணி எடுத்து நர்ஸம்மாதான் தலையில தெளிச்சு ஞானஸ்நானம் குடுத்தா. கிளைவ்னு பேரு. நீ பார்க்காம இருக்கிறதுதான் நல்லதும்மான்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு முன்ன ஒரே ஒரு தடவை பார்த்தேன்…

இரு, காசு போடறேன்… ஆங். இருக்கியா?

தொட்டியைத் துடைக்கிற சாக்குல வாராவாரம் போறேனே, எதுக்குன்னு நினைச்ச? அந்தக் குழந்தைக்கு முகம் இல்லையா… நான் அங்க அவன் முகத்தை வச்சுப் பார்த்துப்பேன். பாதிரியார் கையில அவன் படுத்திருப்பான். நம்ம ஊரு தொட்டிக்கு வராமலே போனவன்ல… இத்தனை வருஷம். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தொந்தரவும் இல்ல. சுத்தியல் எடுத்துட்டு வந்த அந்தப் பாவிங்க கூட எனக்கு அந்த வெத்துக் கல்லை விட்டுட்டுத்தான்யா போனானுங்க. நீ அதையும் அடைச்சிட்ட.

…வேணாம். மன்னிப்பெல்லாம் வேணாம்… என்னது?

…அவன் முகத்தையா?… சிமெண்ட் ஈரமா இருக்கிறப்பவே மாத்திடலாம்கிறியா… போட்டோவா? போட்டோ ஏது? அன்னைக்கெல்லாம் யாரு எடுத்தா?

…நான் சொல்லச் சொல்ல செய்வியா.

நெத்தி… நெத்தி கொஞ்சம் அகலம். மூக்கு வந்து… இரு. மூக்கு…

…

வரலை, ரோலண்ட். கண்ணை மூடினா உன் பேரன்தான் வர்றான். இன்னைக்குக் காலையில வரைக்கும் தெரிஞ்சுது.

…ஒண்ணும் புதுசா செய்ய வேணாம். சிமெண்ட் கரண்டியை எடுத்துட்டு வா. பழையபடி முகம் இல்லாம பண்ணிக் குடு… ஹலோ?… ரோலண்ட்? ஹலோ?

…ஐவியா? எங்க அவரு?… கிளம்பிட்டாரா?… மழையிலயா? வீட்டுச் செருப்போடயா ஓடறாரு?

…இல்லம்மா. ஒண்ணும் இல்ல. அவரு மழைக் கோட்டை நீ எடுத்துட்டு வா. வச்சிடறேன்.