இங்க ஒம்பது, எதிர்க்கடையில ஏழு

ஃபோனை அணைங்க முதல்ல. இல்ல, வேணாம், ஓடட்டும். நான் சொல்றது பதிவானா நல்லதுதான், எதிர்க்கடைக்கார அந்த பெர்லோவும் ஒரு நாள் கேக்கட்டும். பேரு என்ன சொன்னீங்க? பின்ஸ்கர். அப்படிச் சொல்லுங்க, நம்ம யூதப் பேரு! அம்மா பேரு? அட, அப்பா எந்த வம்சமா இருந்தா எனக்கென்ன, அம்மா யூதரா இருந்தா பிள்ளையும் யூதர், எங்களுக்கு அம்மாதான் கணக்கு. ரிவ்கா. போதும். உங்க கேள்வி அத்தனைக்கும் நான் பதில் சொல்றேன். பதிலுக்கு, பொழுது சாயறப்ப நீங்க இந்த ஆலயத்துக்குள்ள வந்து கால் மணி நேரம் நிக்கணும். சம்மதம்னா உக்காருங்க, அந்தப் படியில பனி இல்ல.

ஏன்னா, என்னையும் சேத்து இங்க ஒம்பது பேர்தான். இன்னைக்கு சாயங்காலம் ஒரு நினைவு நாள் ஆரம்பிக்குது. போனவங்களுக்காக கடிஷ் சொல்லணும். பத்து ஆம்பளைங்க இல்லாம அந்த ஜெபத்தைச் சொல்லக் கூடாது, அது சட்டம். ஒம்பதே முக்கால் பேர்னு கடவுள்கிட்ட போய் கணக்கு காட்ட முடியாது.

ஜெபம் தெரியாதா? யாரு கேட்டா? உள்ள இருக்கிறவங்கள்ல பாதிப் பேரு தூங்குவாங்க. மத்தவங்க ஆமென் சொல்றப்ப நீங்களும் ஆமென் சொன்னாப் போதும். கடவுள் நம்பிக்கையா? அதை நாங்க கேக்குறதே இல்லைங்க. நாகரிகம் இல்ல.

சரி, உங்க கேள்விக்கு வருவோம். தேசியத் தேர்தல் முடிவு உங்க யூத சமூகத்தை எப்படிப் பாதிச்சதுன்னுதானே? பல்கலைக்கழகத்துல இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா? நல்லா இருங்க.

எங்க பென்சில்வேனியா, அமெரிக்காவுல எந்தக் கட்சிப் பக்கமும் சாயற இழுபறி மாநிலம் இல்லையா? அதனால நாலு வருஷத்துக்கு ஒருக்க எங்களைப் புதுசா கண்டுபிடிப்பாங்க. இந்த ஊர்ல ஆலயத்துக்கு வர்ற ஆம்பளைங்க பதினாறு பேர். ஒரு கட்சிக்காரன் வந்து, அவங்க ஜெயிச்சா உங்க கதி அவ்வளவுதான்னு கண்ணு கலங்குவான். மறுநாள் அடுத்த கட்சிக்காரன் வந்து அதையே சொல்லி அவனும் கலங்குவான். எங்க மேல நாட்டுல இவ்வளவு பாசம் இருக்குன்னு எங்களுக்கே தெரியாது போங்க. தேர்தல் முடிஞ்ச மறுநாள் ஃபோன் பண்ணிப் பாருங்க, மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்.

அதெல்லாம் விடுங்க. நிஜமான பாதிப்பு சனிக்கிழமை காலையில வந்துச்சு. வாராவாரம் நாட்டை ஆளறவங்களுக்காக ஒரு ஜெபம் சொல்லுவோம், எந்திரிச்சு நின்னு. பழைய வழக்கம். எங்க பாட்டன்மாரு ருஷ்யாவுல ஜார் மன்னனுக்கே சொன்னவங்க. அவன் போலீஸ்கிட்ட உதை வாங்கிட்டு வந்து, முதுகைத் தடவிக்கிட்டே, அடுத்த சனிக்கிழமையும் சொன்னாங்க. எங்களுக்கு ஓட்டுன்னு ஒண்ணு குடுத்தாங்க பாருங்க, அப்பத்தான் கொழுப்பு வந்துச்சு.

என் கட்சி தோத்துதுன்னு முடிவு வந்த வாரம் அந்த ஜெபம் ஆரம்பிச்சதும் நான் எந்திரிக்கல. முழங்கால் வலின்னு நீங்க எழுதிக்கலாம். அந்த பெர்லோவ் எந்திரிச்சதோட இல்லாம, மேற்கூரை ஆடுற மாதிரி ஒரு ஆமென் போட்டான். என்னையே பாத்துக்கிட்டு. அதுக்கு முந்தின தேர்தல்லயா? ஆமா, அப்ப அவன் உக்காந்திருந்தான், நான் நின்னு கத்தினேன். அது வேறங்க. நான் செஞ்சது பக்தி. அவன் செஞ்சது திமிரு.

அன்னைக்கு ஜெபம் முடிஞ்சு சாப்பிட வெச்சிருந்த ஹெர்ரிங் மீன் தட்டு பறந்துச்சு. யார் கையிலேர்ந்துன்னு கேக்காதீங்க. அவன் ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு வெளிய போனவன்தான். எதிர்க்க தெரியுதே ஃபர்னிச்சர் கடை, அது அவனோடது. சனிக்கிழமைக்குக் கடையை மூடிட்டு உள்ள சோபாவுல உக்காந்து ஜெபம் பண்றாங்க. ஒவ்வொரு சோபாவுலயும் பாதி விலை தள்ளுபடின்னு அட்டை தொங்குது. ஜெபத்துக்கும் சேத்துத்தான்னு நினைக்கிறேன்.

பயமா? எழுதிக்குங்க, இதுக்கு மட்டும் நேராவே பதில் சொல்றேன். வசந்த காலத்துல ஒரு நாள் காலையில வந்து பாத்தா, இந்தச் சுவத்துல நாஜிக் குறி. கறுப்புப் பெயிண்ட்டு, ஆள் உசரத்துக்கு. நான் வாளியோட வந்தேன். ரோட்டைத் தாண்டி பெர்லோவும் வாளியோட வந்தான். நான் வலது பக்கமிருந்து தேச்சேன், அவன் இடது பக்கமிருந்து தேச்சான். நடுவுக்கு வந்ததும், உங்க ஆளுங்க குடுத்த தைரியம்தான் இதுன்னான். உங்க ஆளுங்க நெருப்புல ஊத்தின எண்ணெய்தான்னேன். வாளியைத் தூக்கிக்கிட்டு அவனவன் போயிட்டோம். வரைஞ்சவனுக்கு எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. எங்களுக்குத்தான் அவ்வளவு தெரியுது.

அதுக்கப்புறம் ஒரு போலீஸ் வண்டி நிக்குது. ஆலய வாசல்ல மட்டும் எப்படி நிறுத்தலாம், நாங்களும் யூதங்கதானேன்னு பெர்லோவ் போய் சண்டை போட்டான். இப்ப பாருங்க, அந்தப் போலீஸ்காரரு வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டு சாண்ட்விச் சாப்பிடறாரு.

என்ன, ஒம்பதும் ஏழும் பதினாறா? ஆகா, பேராசிரியர்னா பேராசிரியர்தான். கூட்ட எங்களுக்கும் தெரியும். அங்கேர்ந்து ஒருத்தனைக் கூப்பிடலாமேன்னா, நான் போய்க் கேக்கணும். நான் கேக்கிறதா? அந்தக் கடையிலயா? அதுக்கு இந்த ஊர் வழியா போற பின்ஸ்கர் ஒவ்வொருத்தரா பிடிச்சு உக்கார வெப்பேன்.

அந்தப் பக்கம் பாக்காதீங்க. கையாட்டட்டும். பாத்தீங்கன்னா ஓடி வந்துடுவான். ஆமா, அந்தத் தொப்பிக்காரன்தான் பெர்லோவ். மத்தியானத்துலேர்ந்து அவனும் வாசல்லயேதான் நிக்கிறான், போறவன் வர்றவனையெல்லாம் மறிச்சுக்கிட்டு. எனக்கு ஒரு ஆள் போதும், அவனுக்கு மூணு பேர் வேணும். இந்தத் தேர்தல்ல நான்தான் முன்னிலை.

அவனுக்கு எதுக்கா? அவனுக்கும் இன்னைக்குத்தான். ஒரே நினைவு நாள்தாங்க. ஷிஃப்ரா. என் பெண்டாட்டி. அவன் தங்கச்சி. அவன் எனக்கு மச்சான்னு சொன்னேனே, சொல்லலையா? முடிவு வந்து ஒரு மாசம்தான் உயிரோட இருந்தா. குழிக்கிட்ட பதினாறு பேரும் வந்தாங்க, ரெண்டு பக்கமா நின்னாங்க.

அவ யாருக்கு ஓட்டுப் போட்டாளா? இது உங்க தாள்ல இருக்கிற கேள்வியா, நீங்களா கேக்குறீங்களா? என் கட்சிக்குத்தான். அவனைக் கேட்டா, அவன் கட்சிக்குன்னு சத்தியம் பண்ணுவான். ஆஸ்பத்திரியில ரெண்டு பேரும் கட்டிலுக்கு ரெண்டு பக்கம் நின்னு அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தோம். அவ எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்புறம், சூப்பு ஆறிப்போச்சு, யாராவது ஒருத்தர் போய் சுட வெச்சுக் கொண்டாங்கன்னா.

நாங்க ரெண்டு பேருமே போகல. விட்டுட்டுப் போனா மத்தவன் பதிலை வாங்கி ஜெயிச்சிடுவானோன்னு.