ரத்தத்த முதல்ல தேடு

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை, ஈப்போவில் புந்தோங்கிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: "ஈப்போக்காரங்கள முதல்ல தேடாத செல்வி. ரத்தத்த முதல்ல தேடு."

செல்விக்கு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ரத்தம் கொடுப்பவர்களைத் தேடி எடுக்கும் வேலை, மற்றவளுக்கு பேங்க் கம்ப்யூட்டரில் என்று பேச்சில் புரிந்தது.

"எந்த வழியில தேடுனா சுருக்கம்னு கம்ப்யூட்டரே பாத்துக்கும்னாங்களே, மேரிக்கா."

"பழைய கணக்க வச்சுத்தான் அது முடிவு பண்ணும். அப்போ ஈப்போவுல ரத்தம் குடுக்கிறவங்க கொஞ்சம் பேரு. இப்போ ஆயிரக்கணக்குல லா. ஒவ்வொருத்தரா புரட்டிக்கிட்டு இருக்கும்."

"நேத்து ஆபீஸ் மூடுற வரைக்கும் பதில் வரல."

"ஓ நெகட்டிவ் ரத்தக்காரங்க நம்ம பக்கம் ரொம்பக் கம்மி. அவங்கள முதல்ல எடுக்கச் சொல்லி நீயே தேடுற வரிசைய கம்ப்யூட்டருக்கு எழுதிக் குடு. அதுல ஈப்போக்காரங்கள அப்புறம் பிரிச்சுக்கலாம்."

"தப்பா எழுதிட்டா?"

"எழுதாம இருந்தா?"

சிக்னலில் பஸ் நின்றதும் செல்வி டிரைவரிடம், "அண்ணே, இங்கேயே இறக்கி விடுங்க," என்று சொல்லி இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள்.

என் பக்கத்து சீட்டுக்காரர் மேரியிடம் கேட்டார். "யாருக்கும்மா ரத்தம்?"

"அவ அண்ணிக்கு. இன்னைக்கு வயித்த அறுத்துப் பிள்ளைய எடுக்கிறாங்க."

மறுநாள் பஸ்ஸிலும் அவர் மேரியிடம் கேட்டார்.

"ரத்தம் கிடைச்சிருச்சிண்ணே. பிள்ளையும் நல்லா இருக்கு. அவ அண்ணிதான் இன்னும் கண்ணு முழிக்கல."