திருத்தித் தந்த விண்ணப்பங்கள்

பன்றியெலும்புச் சூப்பில் எள்ளுப்பொடி தூக்கலாக இருந்தால்தான் எனக்கு இறங்கும், ஐயா. வொன்ஜேக்கு அது தெரியும். கேட்காமலே என் கிண்ணத்தில் போடுவான். கல்லூரியில் எனக்கு ஜூனியர். சியோலில் ஜூனியர் என்றால் தம்பிதான்.

விசாரணையில் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய நிறுவனங்களில் வேலை கேட்பவர்கள் தங்களைப் பற்றி எழுதி அனுப்புவதை எங்கள் மென்பொருள்தான் முதலில் பார்க்கும். ஒருவன் எழுதியதை இன்னொருவன் எழுதியதாக மாற்ற எத்தனை எழுத்தை அழிக்க வேண்டும், சேர்க்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ணும். எண்ணிக்கை மிகக் குறைந்தால் காப்பி. விண்ணப்பம் குப்பைக்குப் போகும். காரணம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேலையில் அமர்ந்த சீனியரிடம் காட்டித் திருத்திக்கொள்வது எங்கள் வழக்கம். வொன்ஜே என்னிடம் கொண்டுவருவான்.

"அண்ணே, இந்தத் தடவையாவது தேறுமா?"

"மொதல்ல சூப்பைக் குடிடா. வழவழன்னு எழுதி வச்சிருக்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்க மட்டும் இல்லேன்னா நாறிப்போயிருப்பேண்ணே."

பார்த்துக்கொண்டேன். நேர்மையாகத் திருத்தினேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. திருத்தியதை அவனிடம் கொடுப்பதற்கு முன், இல்லாத ஒருவன் பெயரில், பழைய தேதி போட்டு, பழைய விண்ணப்பங்கள் கிடக்கும் எங்கள் கணினிச் சேமிப்பில் ஏற்றிவிடுவேன். பிறகு அவன் அனுப்புவான். மென்பொருள் இரண்டையும் ஒப்பிடும். மாற்ற வேண்டிய எழுத்து ஒன்றுகூட இருக்காது. தான் எழுதியதையே திருடியவன் ஆனான்.

ஏன் என்கிறீர்கள். இந்த எழுத்துக் கணக்கு கல்லூரியில் எனக்கு மண்டையில் ஏறவில்லை. சொல்லிக்கொடுத்தது அவன்தான். பேராசிரியர் எல்லோர் முன்னாலும், "ஜூனியர் கால்ல விழுந்து கத்துக்கப்பா" என்று கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, இன்னும் அணையவில்லை.

முப்பது தாண்டியவனைப் புது ஆளாக எங்கள் ஊரில் எடுப்பதில்லை. வொன்ஜே அதை நெருங்கிக்கொண்டிருந்தான். ஹேரிம் என்ற பெண்ணை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். வேலை கிடைத்தால் கல்யாணம் என்றார்கள் பெண் வீட்டார். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறை தோற்றபோதும் என் தோளில் சாய்ந்துதான் அழுதான். அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக வந்தபோது சூப்பைத் தொடவில்லை. "என் எழுத்துலதான் ஏதோ கோளாறுண்ணே. என்னன்னுதான் புரியல" என்றான்.

"ஆமாண்டா. இன்னும் மனசுலேர்ந்து எழுதணும்" என்றேன்.

அந்த வாரமே அவனை ஹான் ஆற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். இறுதிச் சடங்குக் கூடத்தில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தன்தாம்ப்பா அவனுக்குத் தொணையா இருந்த" என்றார். நான் தலை குனிந்து வணங்கினேன். ஹேரிம் மட்டும் என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீசில் உங்களிடம் புகாரோடு வந்தது அவள்தான் என்று தெரியும்.

அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அத்தனை நிறுவனங்களில் ஒரு மனிதர்கூட அவன் எழுதியதைப் படிக்கவில்லை. ஒரு எழுத்து விடாமல் படித்தவன் நான் மட்டும்தான். என்னைவிட அவனுக்கு நெருக்கமானவர் யார் இருந்தார்கள், நீங்களே சொல்லுங்கள்.