பச்சையாகவே தொங்கிய இலைகள்

லண்டனில் கறிவேப்பிலைக் கன்றுகள் குளிரால் சாவதில்லை, அளவுக்கு மீறிய கவனிப்பால்தான் சாகின்றன. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது எங்கள் சனம் கைப்பையிலிருந்து பழுத்த இலைகளை எடுத்து என்னிடம் நீட்டும். தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்லுவேன். பெரிய டொக்டரிடம் கேட்ட மாதிரித் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு வாளி ஊற்றுவார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, ஊரில் நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். இங்கே வந்த புதிதில் லண்டனுக்கு வடக்கே தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் வேலை செய்தேன். ஆங்கிலம் எனக்கு வரும். ஆனால் ஆங்கிலத்தில் சொன்னால் நீங்கள் விஷயத்தை விட்டுவிட்டு என் உச்சரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் தமிழில் சொல்கிறேன். இந்த மொழிபெயர்ப்புப் பிள்ளைக்கும் பிழைப்பு வேண்டுமே.

கிறிஸ்துநாயகமும் அவன் மனைவி பியற்றிஸும் கட்டிலிலேயே இறந்து கிடந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அது விபத்து என்று உங்கள் ஆட்கள் எழுதப் போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் நானாகவே பஸ் எடுத்து வந்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

கிறிஸ்துநாயகம் தோர்ண்டன் ஹீத்தில் வீடியோக் கடை வைத்திருந்தவன். கழுத்தில் தடித்த சங்கிலி, வாயில் எந்நேரமும் பெரிய கதை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கடைசியில் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேல்மாடிப் பின்னறையில் தக்காளிக்கு ஏதோ வருத்தம், இலை கருகுகிறது என்றான். கதவைத் திறந்தால், தொங்கும் விளக்குகளின் கீழே சாடி சாடியாகக் கஞ்சா. அவன் சட்டத்தை மீறியது எனக்குப் பெரிய விஷயமில்லை. கஞ்சாவைத் தக்காளி என்று சொன்னால் நான் நம்பிவிடுவேன் என்று நினைத்தானே, அதுதான் சுட்டது.

இலைகள் மை பூசியது போலக் கடும் பச்சை. நுனிகள் கருகி, நகம் போலக் கீழே வளைந்திருந்தன. படிக்காதவனுக்கு அது பட்டினி போலத் தெரியும். உண்மையில் அது அளவுக்கு மீறித் தின்றதன் விளைவு. கடையிலிருந்த மண்ணிலேயே கொழுத்த மண்ணை வாங்கி, அதில் மாட்டெருவைக் கலந்து, போதாதென்று மீன் கழுவிய தண்ணீரையும் நாள்தோறும் ஊற்றியிருக்கிறான். ஊரில் முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றுகிறோம். அங்கே மணலும் வெயிலும் எல்லாவற்றையும் குடித்துவிடும். பூட்டிய அறையில் ஒரு சாடிக்குள் அது எங்கே போகும்? நாற்றம் வீட்டைத் தூக்கியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கவுன்சிலுக்குச் சொல்லிவிடுவாள் என்று பயந்து, ஜன்னல் இடுக்குகளையும் காற்று வரும் துவாரங்களையும் தடித்த பசை ரேப்பால் ஒட்டியிருந்தான். நாற்றத்தை உண்டாக்கிவிட்டு அதைக் காப்பாற்றுவதற்கு அவ்வளவு பாடு.

பசளையை நிறுத்து, வெறும் தண்ணீர் விடு, ஜன்னலைத் திற என்று சொன்னேன். அது சரியான புத்தி. இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி அவன் சொன்னான்: "மாஸ்டர் புத்தகத்திலைதான் பயிர் செய்தவர். என்ரை அம்மா மீன் தண்ணி விட்டே ஒரு தோட்டம் வளர்த்தவ." 

சனம் சிரித்தது. நான் கன்று காப்பாற்றிக் கொடுத்தவர்களும் சிரித்தார்கள். பியற்றிஸ் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் கொண்டுவந்து தந்தாள். நல்ல பிள்ளை. முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் வேலை செய்தவள். அவளில் எனக்கு ஒரு குறையுமில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தை மாதம் அவனே தேடி வந்தான். இந்தமுறை தக்காளி என்று சொல்லவில்லை. குரலில் மரியாதை வந்திருந்தது. மேலே போய்ப் பார்த்தேன். மண் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் காம்புகள் எல்லாம் தளர்ந்து இலைகள் நேர் கீழே தொங்கின. கொழுந்துகள் முறுகியிருந்தன. அடியிலைகள் மஞ்சளாகாமல் பச்சையாகவே உதிர்ந்து கிடந்தன. பசளை கூடினால் இலை கருகும், குறைந்தால் மஞ்சளாகும். பச்சையாகத் தொங்கி விழுந்தால் மண்ணைப் பார்க்கக்கூடாது, காற்றைப் பார்க்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். குளிருக்காக ஒரு காஸ் ஹீற்றர் கொண்டுவந்து வைத்திருந்தான். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தது. அறையில் காற்று வர ஒரு துவாரமும் இல்லை. அப்படி மூச்சுமுட்டி எரியும் தீ நஞ்சு கக்கும், அதற்கு மணம் கிடையாது. மனிதர் விழ முதல் செடி காட்டிக்கொடுக்கும். கண்ணாடிக் கூடத்தில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தது அதுதான்: இலை இப்படித் தொங்கினால் முதலில் ஆட்களை வெளியே அனுப்பு, பிறகு ஹீற்றரைப் பார். 

அவர்கள் படுக்கும் கட்டில் எங்கே என்று கேட்டேன். அடுத்த அறையில், இடையிலுள்ள கதவைத் திறந்து வைத்துத்தான் படுப்பதாகச் சொன்னான். செடிகளுக்கு மூட்டிய சூட்டிலேயே தாங்களும் படுத்தால் மிச்சம் என்று பெருமைப்பட்டான். அவன் கணக்குகள் எல்லாமே அப்படித்தான்.

நான் கைகளைத் துடைத்துக்கொண்டு, மண் கொழுத்துப்போய்விட்டது என்றேன். பசளை வேண்டாம், வெறும் தண்ணீர் போதும், ஜன்னலை மட்டும் திறக்காதே, ஹீற்றரை இன்னும் கொஞ்சம் கூட்டு என்றேன். 

"நீங்கள் சொன்னால் சரி மாஸ்டர். அண்டைக்கே கேட்டிருக்க வேணும்," என்றான். 

அது எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன். நான் உண்மையைச் சொன்னபோது பகிடி பண்ணியவன், பொய்யைச் சொன்னபோது கைகட்டிக் கேட்டான்.

படியிறங்கும்போது பியற்றிஸ் வழிமறித்தாள். முகம் வெளிறியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"மாஸ்டர், எழும்பினால் ஒரே தலையிடி, சாப்பிட்டதெல்லாம் சத்தியெடுக்குது. வேலைக்குப் போனால் சுகமாப் போகுது. இந்த ஹீற்றராலை ஏதும் இருக்குமோ?"

புத்திசாலிப் பிள்ளை. அந்த வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"அது ஷிப்ட் மாறி மாறிச் செய்யிறதாலை பிள்ளை," என்றேன். "லீவு போட்டிட்டுக் குளிர் படாமல் நல்லா நித்திரை கொள்ளுங்கோ." 

ஓம் மாஸ்டர் என்றாள். லீவு போட்டாள் என்று பிறகு அறிந்தேன்.

அவளிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அவனிடம் போய்ச் சொல்லியிருப்பாள். ஜன்னல் திறந்திருக்கும், செடி தேறியிருக்கும், தாயின் மீன் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று அவன் மண்டபத்தில் நின்று முழங்கியிருப்பான். அதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

கஞ்சாவால் கெட்டுப்போகவிருந்த ஊர்ப் பிள்ளைகளை நான் காப்பாற்றினேன் என்று வேறொருவன் சொல்லியிருப்பான். நான் அப்படிச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஹீற்றரை நான் கொண்டுவரவில்லை, துவாரத்தை நான் ஒட்டவில்லை. ஆனால் இலையைப் பார்த்த கணமே இருவரும் சாவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சூட்டைக் கூட்டச் சொன்னேன், தெரிந்துகொண்டுதான் அவளைப் படுக்கச் சொன்னேன். இதை விபத்து என்று எழுதினால், நான் அந்த இலையைச் சரியாக வாசிக்கவில்லை என்று ஆகிவிடும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொடுங்கள், கையெழுத்து வைக்கிறேன். அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பிள்ளை, இதைப் பிழையில்லாமல் அவரிடம் கேள். நீங்கள் ஜன்னலை உடைத்துப் பிரேதங்களை இறக்கிய பிறகு, அந்த அறைக்குள் நல்ல காற்று வந்திருக்கும். இலைகள் நிமிர்ந்தனவா? யாராவது கவனித்தீர்களா?